ஊதாத் துணி போட்ட பெட்டி

அன்புள்ள டாரிலுக்கு,

பெர்த்தில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை, அதனால் எழுதவில்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று வெட்டிவிடுகிறாய், இதை வெட்ட முடியாது, உட்கார்ந்து படி. உன் அக்கா மிஷேலின் குழந்தைக்கு மறுபடியும் மூச்சிழுப்பு. தொழிற்சாலை புகை விடுகிற நாளெல்லாம் தூக்கிக்கொண்டு பத்து பாகாட் டவுன் கிளினிக்குக்கு ஓடுகிறாள், சன்னலை அடைத்தாலும் அந்தப் புளித்த நாற்றம் சோற்றில்கூட ஏறுகிறது. அந்தத் தொழிற்சாலைக்காக நீ எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டிலோ காற்று வருஷத்துக்கு வருஷம் சுத்தமாகிறதாம்.

கோயில் சுவரில் புகையை அளக்க நீ மாட்டிவிட்டுப் போன பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது உன் அப்பாவின் வேலை என்று உனக்குத் தெரியும். மாதாவை மூடிய கையோடு பக்கத்தில் இருந்த பெட்டியையும் மூடியிருக்கிறார். கேட்டதற்கு, நம்ம டாரில் வெச்ச பெட்டி லா, மாதா பக்கத்துல அது மட்டும் பளபளன்னு நின்னா நல்லாவா இருக்கும் என்கிறார். முதல் வருஷம் கடைசியில் வரும் பெரிய வாரம் மட்டும் மூடினார், அடுத்த வருஷம் அதற்கும் முன்பே, இந்த வருஷம் தபசு தொடங்கும் விபூதிப் புதனிலிருந்தே, அதுவும் இரட்டைத் துணி. அவர் மூடுகிற நாள் நீள நீள உன் ரிப்போர்ட்டில் புகையின் கோடு இறங்கியிருக்கிறது. துணியை எடுத்த ஈஸ்டர் பாஸ்கா அன்று கோடு எகிறியதைப் பட்டாசுப் புகை என்று எழுதிவிட்டாய்.

அது தெரியாமல் நடந்தது, அதற்கு நான் உன்னைத் திட்டவில்லை. நீ அப்பாவுக்கு அனுப்பிய அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்துப் போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேனே, அதற்கு என்ன சொன்னாய்? ரிப்போர்ட் போயாச்சும்மா, கம்பெனிக்காரங்களுக்குத் திருப்தி, விடுங்க என்றாய். அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேட்கிறார்கள். குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுவதை வீடியோவில் பார்த்துப் பாவம் என்றவன் நீதானே?

அடுத்த மாதம் பாலாய் ராயா மண்டபத்தில் ஊர்க்கூட்டம். அதற்குள் கணக்கு தப்பு என்று நீயே எழுதிக் கொடு. வேலை போனால் போகட்டும், சோறு போட நாங்கள் இருக்கிறோம். கொடுக்காவிட்டால் நான் எழுந்து பேசுவேன். அப்பா துணி போட்டதையும் சொல்வேன், தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டவன் என் மகன் என்பதையும் சொல்வேன். அப்பாவுக்கு இதெல்லாம் இன்னும் விளங்கவில்லை, மகன் வைத்த பெட்டி என்று தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் கொஞ்சம் துணிச்சலும் தரட்டும். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுக்குமுன் யோசித்துக்கொள். திருத்தாமல் வந்து நின்றால் அப்பா கதவைத் திறப்பார், நான் திறக்கமாட்டேன்.

உன் அம்மா,
கெர்ட்ரூட் செபஸ்தியன்