நிரஞ்சனுக்குப் பார்த்து எடுத்த ரெகுலேட்டர்

அன்புள்ள வேலாயிக்கு,

திருகோணமலையில் நான் சுகம். உன் கால் வீக்கம் வற்றியதா? நான் சொல்லச் சொல்ல, நான் வேலை செய்யும் டைவிங் சாமான் கடையில் பில் போடும் றுமைஸா இதை எழுதுகிறாள். நம் மகன் நிரஞ்சன் வெளியே போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு சுதர்சினியைப் படிக்கச் சொல்லு. நான் போன் எடுத்தால் அவன் கட் பண்ணிவிடுகிறான்.

விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணிக்குள் சிக்கிய வலைகளை எடுக்க ஞாயிற்றுக்கிழமை இறங்கப் போகிறானாம். யாரோ கழித்துப்போட்ட ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி, றுமைஸாவின் போனுக்குப் படம் அனுப்பியிருந்தான். காற்றுச் சிலிண்டரில் பூட்டி, வாயில் கடித்து மூச்சு வாங்குகிற சாமான் அது. அதன் ரப்பர் வெடித்திருக்கிறது. இறங்காதே என்று நான் சொன்ன நாளிலிருந்துதான் போனைக் கட் பண்ணுகிறான்.

இங்கும் அப்படி வெடித்த ஒன்று கிடந்தது. அதைச் சிலிண்டரில் பூட்டிக் கடித்துக்கொண்டு, சாமான் கழுவும் பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.

"என்ன ஐயா, பீப்பாய்க்குள்ள மீன் தேடுறியளோ?" என்று முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் தண்ணி குடித்தேன், வேறொன்றுமில்லை.

பீப்பாய் என்றால் தலையைத் தூக்கிவிடலாம் புள்ள. அங்கே, அணை கட்டியபோது மூழ்கிய பழைய தெல்தெனிய கடைத்தெருவே அடியில் கிடக்கிறது. நீ வளையல் வாங்கிய கடையின் கம்பிக் கதவுகூட எனக்கு நினைவிருக்கிறது. அதில் மாட்டினால் அவன் எங்கே தலையைத் தூக்குவான்?

முதலாளியிடம் கெஞ்சி, ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, தண்ணி வராத ஒன்றை மரக்கறி லொறியில் இதோடு அனுப்புகிறேன். அவனுடைய பழையதை அறுத்து அடுப்பில் போடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

லொறி திரும்பும்போது கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்துவிடு. இங்கே தேத்தண்ணி வாயில் வைக்க முடியவில்லை.

அவன் என்னைத் திட்டுவான். போன் எடுத்துத் திட்டச் சொல்லு. அவன் மூச்சு விடுகிற சத்தமாவது எனக்குக் கேட்கட்டும்.

லொறிக்காரர் கூப்பிடுகிறார்.

சன்னாசி