பாதி வசனம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அண்ணியும் பையனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. காகிதத்துக்கு டவர் வேண்டாம். அதனால்தான் இது. தயவுசெய்து கடைசிவரை படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. "லிஃப்ட் மெக்கானிக்கைப் பெத்தவ படி ஏற வேண்டியிருக்கு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்புகிறாள். நம் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாதது என் குற்றமாம். என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள், நான் ரொம்பக் கத்துகிறேன் என்று மேலே புகார் கொடுத்திருக்கிறார்கள். உண்மைதான், கத்துகிறேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவரை என் பைக்கின் பின்சீட்டில் உட்கார வைத்து புதன்கிழமை வேத ஆராய்ச்சிக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொசு பிடுங்கியது. உள்ளே ஃபேன் ஓடியது. நான் வேதம் படிக்க ஆரம்பித்த கதை இவ்வளவுதான். பெரிய தரிசனம் எதுவும் கிடைத்ததாக நினைத்துவிடாதே.

வகுப்பை நடத்துவது ஒரு தையல்கார அக்கா. முதலில் வசனத்தை முழுதாக வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, யாருக்கு எழுதியது என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் கருத்து. எனக்குப் பிடித்துப்போனது. கோளாறு எங்கே என்று பார்க்காமல் ஸ்பானரைத் தூக்குகிறவனை எனக்கு ஆகாது. ஒருவர் எடுத்த எடுப்பில் பிரசங்கம் ஆரம்பித்தார். அக்கா, "பாதி வசனம் பிசாசுக்கும் தெரியும்யா, முழுசா வாசிங்க" என்றார். அன்றிலிருந்து நான் ஒழுங்காகப் போகிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை பிள்ளை வளர்ப்பு பற்றிய பகுதி வந்தது. அது அப்பாவின் ஏரியா. புத்தகத்தைத் திறக்காமலே, "பிள்ளைங்களை சிட்சையிலும் போதனையிலும் வளக்கணும். இந்தக் காலத்துல எவனுக்கு அந்த தைரியம் இருக்கு" என்றார். என் முதுகு தானாக விறைத்தது. உனக்கும் விறைத்திருக்கும். சிட்சை என்ற சொல்லுக்குப் பின்னால் பெல்ட் வரும் என்பதை உடம்பு இன்னும் மறக்கவில்லை.

அக்கா வழக்கம்போல, "முழுசா வாசிங்க ஐயா" என்றார். அப்பா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். வசனம் தகப்பன்மாரைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்பது முன்பாதி, அண்ணா. சிட்சை அதற்குப் பிறகுதான் வருகிறது. முன்பாதியிலேயே அவர் விரல் நின்றுவிட்டது. திரும்ப ஒருமுறை, உதடு மட்டும் அசைய வாசித்தார். பிறகு, "இது புதுசா போட்ட புஸ்தகமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. "உங்க புஸ்தகம்தான் ஐயா, நீங்க கையில கொண்டுவந்தது" என்றார் அக்கா, மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் அதே சிட்சை வசனப் பலகையை இறக்கச் சொன்னார். துணியால் துடைத்தார். எழுத்துக்கு முன்னால் மூன்று புள்ளிகள் இருக்குமே, பெயிண்ட் சிந்தியது என்று நாம் நினைத்தோமே, அது சிந்தியது இல்லை. முன்னால் இன்னும் இருக்கிறது என்று சொல்ல பெயிண்டர் வைத்த புள்ளிகள். "பலகையில இடம் பத்தலைன்னான். பின்பாதி போதும்னு நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு நல்ல வாக்கியம் வந்தது. பாதி மேனுவலை வைத்து எவனாவது லிஃப்ட் ஓட்டுவானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய். ஆனால் எந்த மேனுவலிலும் எச்சரிக்கைதான் முதலில் இருக்கும், அதைத் தாண்டிப் போகிறவர்களில் நானும் ஒருவன். வாயை மூடிக்கொண்டேன். திருந்திவிட்டேன் என்று சாட்சி சொல்லவில்லை. மறுநாளே வேலையில் ஒருத்தனைப் பிடித்துக் கத்தினேன். பாதியில் அப்பாவின் விரல் நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன். அவன் மிரண்டுபோய், "சார், மீதி?" என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில், பின்னால் இருந்து அப்பா ஏதோ கேட்டார். ஹெல்மெட்டில் சரியாகக் காதில் விழவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன். "உங்கண்ணன் அவன் பையனை அடிப்பானாடா?" என்று மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். சாலையைப் பார்த்துக்கொண்டே, "கேட்டுச் சொல்றியா" என்றார். கவனி அண்ணா, "கேட்டுச் சொல்லு" என்று சொல்லவில்லை. "சொல்றியா" என்றார். அவர் வாயில் அப்படி ஒரு சொல்லை நாம் இதுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், நான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்க்கிறார்.

அவரை மன்னித்துவிடு என்று எழுத நான் யார்? எனக்கு வரவேண்டிய அடியிலும் பாதியை நீதான் வாங்கினாய். நீ வீட்டை விட்டுப் போன பிறகுதான் எனக்கு அந்தக் கணக்கே புரிந்தது. உன் சார்பில் நான் அவருக்குப் பதில் சொல்வதும் சரியில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார், உன் குரலில் கேட்டால்தான் நம்புவார். அதனால் நீயே அவரைக் கூப்பிடு. வேறு எதுவும் பேச வேண்டாம். பையனை அடிப்பதில்லை என்றால் அதைச் சொல். அடிக்கிறாய் என்றாலும் சொல்லிவிடு, அண்ணா. அப்படியானால் இன்னும் சீக்கிரமாகச் சொல்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். பையனுக்குச் சித்தப்பாவின் முத்தம். கர்த்தர் அவன் முதுகையும் உன் கையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி