குளிரில் மட்டும் நழுவும் பந்து

செப்டம்பர் 27, சனி

ஃபாரன்ஹீட்டில் எழுபது டிகிரி. செப்டம்பர் கடைசியில் எங்கள் ஏரிக்கரையில் இப்படி ஒரு வெயில் அடித்தால் ஊரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரியும். இன்றும் திரிந்தது. 34-10 என்று வென்றோம். ஒஸ்மெல் எறிந்த முப்பத்தொரு பாஸில் இருபத்தைந்து சரியாகப் போய்ச் சேர்ந்தன. இந்த வருடம் ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு குவார்ட்டர்பேக்கை இந்த வடக்கு மூலைக்குக் கூட்டிவந்தபோது சிரித்தவர்கள் எல்லாம் இன்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

நேற்று முடிவெட்டும் கடையில் ஒருவர் கேட்டார்: "நீயும் காலேஜ் டீமாமே? டிவில உன்னப் பாத்ததே இல்லையேப்பா."

பார்த்திருப்பீர்கள், என் முகத்தை அல்ல என்றேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் நான் சென்டர். குனிந்து நின்று பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பவன். வாங்கி எறிபவன் ஒஸ்மெல். என் இடுப்பின் பின்பக்கம் ஒரு துண்டு தொங்கும். ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கும் முன்பு அவன் அதில் கையைத் துடைத்துக்கொள்வான். நாலு வருடமாக டிவியில் வருவது என் பின்பக்கமும் அந்தத் துண்டும்தான். அம்மா மட்டும் அதைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள்.

அக்டோபர் 11, சனி

முப்பத்தாறு டிகிரி. இன்னும் நாலு இறங்கினால் தண்ணீர் உறையும்.

குளிர் வந்ததும், எதிரணியைத் தடுத்து நிற்கும் முன்வரிசைக்காரர்கள் நாங்கள் ஐந்து பேரும் கையில்லாத சட்டையோடுதான் இறங்குவோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் இறங்கினார்கள். முழுக்கை போட்டவன் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேல் ஏறிப் பாட வேண்டும். எதிரணிக்காரன் எங்கள் வெறும் கையைப் பார்த்தே பாதி பயந்துவிட வேண்டும் என்பது கணக்கு. குளிர் தாங்க, தோளிலிருந்து மணிக்கட்டு வரை பெட்ரோலியம் ஜெல்லியை அப்பிக்கொள்வோம். விதிப்படி கூடாது. நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. இன்றும் நேரமாகிவிட்டது, தோளில் வழித்த கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

தோற்றோம். ஒஸ்மெல் இரண்டு முறை பந்தை நழுவவிட்டான். ஒரு பாஸ் கையிலிருந்து வழுக்கி நேரே மேலே போய் அவன் தலையிலேயே விழப் பார்த்தது.

அக்டோபர் 13, திங்கள்

உடை மாற்றும் அறையில் அவனுடைய அலமாரிக்கு முன்னால் யாரோ ஒரு ஜோடி கடற்கரைச் செருப்பும் ஒரு ஆரஞ்சுப் பழமும் வைத்திருந்தார்கள். ஒஸ்மெல் ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டு, "புளிப்பு. இது ஃப்ளோரிடா பழமே இல்லடா" என்றான். ஆனால் முகம் வாடித்தான் இருந்தது.

சாயங்காலம் பயிற்சி முடிந்து நானும் அவனும் மட்டும் இருந்தோம். பந்துகளை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து நூறு முறை கொடுத்தேன். ஒன்றுகூட நழுவவில்லை. விரல் எல்லாம் நீலம் பாரித்துவிட்டது, அப்போதும் நழுவவில்லை. மேட்ச்சில் மட்டும் என்ன வந்தது அவனுக்கு? பயமா?

அக்டோபர் 18, சனி

கொட்டுகொட்டென்று மழை. ஐம்பத்தெட்டு டிகிரி. மைதானம் சேறு, பந்து சோப்புக்கட்டி மாதிரி. ஒஸ்மெல் ஒரு முறைகூட விடவில்லை! அவன் எறிந்த பந்து மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டியது, மூன்று டச்டவுன். மழையில் இப்படி ஆடுகிறவனுக்குக் குளிர் என்றால் மட்டும் கை எங்கே போகிறது?

இரவு வீட்டில் மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்த பேஸ்டி. மூன்று தின்றேன். ஒஸ்மெல் இரண்டு. அம்மாவுக்கு அவன் மேல் ஒரே பிரியம்.

அக்டோபர் 25, சனி

இருபத்தொன்பது டிகிரி. மூன்று முறை நழுவவிட்டான். மூன்றாவது முறை எதிரணிக்காரன் பொறுக்கிக்கொண்டு ஓடிப்போய் டச்டவுன் வைத்துவிட்டான். எழுத மனமில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கோச் ஹேவர்காம்ப் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டிவிட்டார். ஒரு பக்கம் டிகிரி, மறுபக்கம் ஒஸ்மெல் நழுவவிட்டவை. யாரும் வாயே திறக்க முடியாது, அவ்வளவு தெளிவு.

"நாப்பதுக்குக் கீழ போனா லுண்டீன் ஆடுவான். கோவம் எல்லாம் இல்லப்பா, ஒஸ்மெல். உன் கைக்கு இந்த ஊரு ஒத்துவரல, அவ்ளோதான்."

லுண்டீன் உள்ளூர்க்காரன். இங்கே முன்பு எறிந்தவர்களைப் போலவே இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டு ஆடுவான், துண்டே தேவையில்லை. நல்ல பையன், ஆனால் அவன் எறிந்தால் பத்து அடிக்கு மேல் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது.

நவம்பரில் இங்கே நாற்பது டிகிரி ஏது? ஒஸ்மெலுக்கு இதுதான் கடைசி வருடம். நவம்பர் 22 கடைசி மேட்ச்சுக்கு அவனுடைய அம்மாவும் அப்பாவும் ஃப்ளோரிடாவின் ஹையாலியாவிலிருந்து வருகிறார்கள். பெஞ்சில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வருவார்கள்?

ஒஸ்மெல் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறானாம். காலையில் ஐஸ் வாளியில் இருபது நிமிடம் கையை வைக்கிறான். "பழக்குறேன்டா" என்கிறான். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

நவம்பர் 1, சனி

முப்பத்தொன்று. லுண்டீன் ஆடினான். கோச் அவனை எறியவே விடவில்லை, எல்லாம் பந்தோடு ஓட்டம்தான். 6-3, வெற்றி. பார்க்க வந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

துணி வெளுக்கும் லொரேன் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் மூன்று துண்டுகளை விரித்துப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"இதுல என்னடா பண்ற? மீன் பொரிச்சியா?"

"என்ன அக்கா?"

"மூணு தடவ வெந்நில போட்டாச்சு. பிசுக்கு போகல. உன் நம்பர் போட்ட துண்டு எத்தன துவைக்கிறேன், இந்த மூணு மட்டும் இப்டி. இங்க பாரு."

குழாயைத் திறந்து ஒரு துண்டின் மேல் தண்ணீர் விட்டார். தண்ணீர் ஊறவில்லை. முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது.

மூன்று துண்டு. இந்த வருடம் குளிரில் ஆடிய மேட்ச் மூன்று. ஜெல்லி பூசியது அந்த மூன்றில் மட்டும்.

ஐயோ.

நான் கையைத் துடைத்த துண்டிலேயே அவன் கையைத் துடைத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும். கை காயட்டும் என்று துடைத்து, என் பிசுக்கைப் பூசிக்கொண்டு பந்தைப் பிடித்திருக்கிறான். குளிரும் இல்லை, பயமும் இல்லை, ஃப்ளோரிடாவும் இல்லை. நான்தான்!

"ஏன்டா பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டார் லொரேன் அக்கா. பயிற்சிக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

இன்றும் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் என்ன ஆகும்? விதி மீறினேன் என்று கோச் உட்கார வைப்பார். ஐந்து பேர் வெறும் கையோடு நிற்கும் வழக்கம் என்னால் போகும். ஊர் சிரிக்கும். சரி, சிரிக்கட்டுமே! சொல்லாவிட்டால்? அடுத்த முறை துண்டை மட்டும் மாற்றிவிட்டுக் கம்முனு இருந்துடலாமா? ஆனா அடுத்த முறைன்னு ஒண்ணு அவனுக்கு ஏது — அவனத்தான் ஆடவே விடலையே! வாயப் பொத்திக்கிட்டு இருந்தா அவன் வாழ்நாள் பூரா தன் கை சரியில்லன்னே நெனச்சுக்கிட்டு இருப்பான். சீ. என்ன மனுஷன் நான்.

நாளைக்கு.

நவம்பர் 6, வியாழன்

எங்கள் வீட்டு நீராவி அறையில், சவுனாவில் வைத்துச் சொன்னேன். இருவரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம்.

"டேய், ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளு."

"உன் தங்கச்சிக்கு என்னப் புடிச்சிருக்கா?"

"உன் கைய வழுக்க வச்சது நான்தான்டா."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துக் கல் மேல் ஊற்றினான்.

"தெனம் காலைல இருபது நிமிஷம், கொஸ்கி. ஐஸ்ல."

"தெரியும்டா."

"ஜன்னலத் தெறந்து போட்டு சளி புடிச்சுது."

"தெரியும்."

"எங்கம்மாகிட்ட போன்ல அழுதேன். என் கை எதுக்கும் லாயக்கில்லம்மான்னு."

அது எனக்குத் தெரியாது.

அவன் எழுந்து கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனான். இடுப்பில் ஒரு துண்டு மட்டும், வெளியே பனி. அரை நிமிடம் இருக்கும், கதவு திறந்தது. பல் கிட்டிப்போய் நின்றான்.

"வெளிய ரொம்பக் குளுருதுடா. உள்ள வந்தே கோச்சுக்கிறேன்."

நான்தான் முதலில் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான். ஆனால் போகும்போது, "நாளைக்கு கோச்சுகிட்ட நீயே சொல்லணும். நான் வந்து பக்கத்துல நிப்பேன், பேசமாட்டேன்" என்றான். அது நியாயம்தான்.

நவம்பர் 7, வெள்ளி

கோச் முதலில் நம்பவில்லை. "நண்பன காப்பாத்தப் பாக்குறியா?" என்றார். லொரேன் அக்காவிடமிருந்து வாங்கிவந்த துண்டை நீட்டினேன். வெளியே இருபத்தாறு டிகிரி. அவரே அதில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தை எடுத்து, பழைய நாள் நினைப்பில் கையை நன்றாகப் பின்னால் இழுத்து ஒரு எறி எறிந்தார். பந்து அவர் காலடியிலேயே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, புதுத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒஸ்மெல் நாற்பது பந்து எறிந்தான். நாற்பதும் போன இடம் சரி. கோச் உள்ளே போய்ச் சுவரிலிருந்து பட்டியலைக் கிழித்தார்.

"ஒஸ்மெல், தப்பு என் மேலதான். தெர்மாமீட்டரப் பாத்தேன், உன்னப் பாக்கல. நாளைக்கு நீ ஆடுற." என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒரு நாள் நீ பெஞ்சு. இனிமே அஞ்சு பேருக்கும் முழுக்கை. எவனாவது ஜெல்லி டப்பாவோட வந்தீங்க, அந்த டப்பாவையே திங்க வைப்பேன்."

நவம்பர் 8, சனி

இருபத்தேழு டிகிரி. ஒஸ்மெல் இருபத்தொன்பதில் இருபத்திரண்டு. ஒன்றும் நழுவவில்லை. வென்றோம். நான் பெஞ்சில் இருந்து தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

நான் இல்லாமலேயே இவ்வளவு நன்றாக ஆடுகிறானே என்று ஒரு ஓரத்தில் உறுத்தியது. எழுதி வைக்கிறேன், பொய் எதற்கு.

நவம்பர் 12, புதன்

சாப்பாட்டுக் கூடத்தில் முன்வரிசை ஐந்து பேரும் முழுக்கையோடு மேசை மேல் ஏறிப் பாடினோம். மற்ற நால்வரும் என்னை முறைத்துக்கொண்டே பாடினார்கள். ரொட்டித் துண்டுகள் பறந்து வந்தன. ஒன்று சொல்ல வேண்டும்: முழுக்கை கதகதப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் எதற்காகச் செத்தோம்?

நவம்பர் 22, சனி

கடைசி மேட்ச். இருபது டிகிரி, பனி, போதாததற்கு ஏரியிலிருந்து காற்று. ஒஸ்மெலின் அப்பா முதன்முறையாகப் பனியைப் பார்க்கிறார். வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அவன் அம்மா இரண்டு கோட்டு போட்டிருந்தார், ஒன்று அவருடையது, ஒன்று என் அம்மாவுடையது.

பனியில் எறிபவனுக்குத்தான் லாபம் என்பது எனக்கே இன்றுதான் புரிந்தது. எங்கே திரும்பப் போகிறோம் என்று பந்தைப் பிடிக்க ஓடுகிறவனுக்குத் தெரியும். துரத்துகிறவனுக்குத் தெரியாது, அவன் வழுக்கி விழுகிறான். ஒஸ்மெல் இரண்டு டச்டவுன் எறிந்தான். நாள் முழுக்க ஒரு பந்துகூட அவன் கையை விட்டு நழுவவில்லை.

17-14, அவர்கள் முன்னால். கடைசி ஆறு வினாடி. நான் பந்தைக் கொடுத்தேன், என் ஆளைத் தடுத்தேன், விழுந்து கிடந்து அண்ணாந்து பார்த்தேன். அழகான பாஸ். சுழற்சி அப்படி. நேராக எங்கள் ஆளின் கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஏரிக்காற்று குறுக்கே அடித்தது. பந்து நாலு கெஜம் விலகி பனியில் விழுந்தது.

தோற்றோம்.

ஒஸ்மெல் வந்து என் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்தான்.

"துண்டு சுத்தமா?"

"லொரேன் அக்கா கையால குடுத்தது. மோந்து பாரு வேணும்னா."

அவன் நிஜமாகவே எடுத்து முகர்ந்து பார்த்தான். தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தான்.

"அப்போ காத்து."

"காத்துதான்டா."

"வெறும் காத்து!" என்று கத்தினான். தோற்றுப்போன இரண்டு பேர் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, கோட்டின் மேல் கோட்டு போட்ட அவன் அம்மா பனியில் தடுக்கித் தடுக்கி எங்களை நோக்கி ஓடிவந்தார்.