ஜில்லாவில் முதல் தெரு

ஆம்பூர், 3-3-1934
போர்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. சம்பளம் ஏற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன் — என் புத்தி. சுகாதார இன்ஸ்பெக்டர் நாகபூஷணம் உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஜில்லா ஜனன மரணக் கணக்கில் எங்கள் தோல்கிடங்குத் தெருதான் முதலாம். போன வருஷம் ஒரு பச்சைக்குழந்தைகூடச் சாகவில்லையாம். ஆகையால் அங்கே மருத்துவச்சி வேண்டாம், மே மாதம் முதல் எனக்கு ஜோலார்பேட்டை.

என் கையிலேயே போனவை எத்தனை!

4-3
எங்கள் ஜனங்கள் ஏழாம் நாள்தான் பேர் வைப்பார்கள். அதற்குமுன் போய்விட்ட பிள்ளையை வாயால் சொன்னால் அடுத்ததுக்கு ஆகாது என்று பயம். பிறந்ததையும் பதிவதில்லை, இறந்ததையும் பதிவதில்லை. இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். வீட்டார் வந்து சொன்னால்தான் செல்லுமாம். கெட்ட மனுஷர் இல்லை. காகிதத்தில் இல்லாதது அவருக்கு உலகத்திலேயே இல்லை.

9-3
இறந்த பிள்ளைகளைப் பதியச் சொல்லி வீடு வீடாகப் போனேன். பெண்கள் அழுதார்கள், ஆண்கள் கதவைச் சாத்தினார்கள். கிடங்கு மேஸ்திரி மக்பூல் அகமது மட்டும் நின்று பேசினார்.

"ஆபா, நம்ம தெருவுக்கு நல்ல பேர் வந்துருக்கு. நீங்களே கெடுத்துட்டா நம்ம பொண்ணுங்கள யார் கட்டுவான்?"

அவர் வீட்டில் இரண்டு போயிருக்கிறது. சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. உள்ளே அவர் பெண்சாதி சைரா நிறைமாதமாக இருக்கிறாளே என்று அடக்கிக்கொண்டேன்.

12-3
ஒருத்தரும் ஆபீசுக்குப் போகவில்லை.

19-3
சைராவுக்கு ஆண்பிள்ளை. நல்ல கனம், நல்ல அழுகை. அல்லாவுக்கு நன்றி.

23-3
பிள்ளைக்கு ஜன்னி. தாடை இறுகிப் பால் இறங்கவில்லை. துணியை விலக்கினால் தொப்புளில் ஆவாரம்பட்டைப் பொடி. தோல் பதப்படுத்துற பொடி! தோலையே காயவைக்கிறது தொப்புளையும் சீக்கிரம் ஆற்றும் என்று மக்பூலே கிடங்கிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார். முதல் இரண்டுக்கும் வைத்தாராம். யார் கிட்ட போய் கத்துவேன்? ஆசையாத்தானே வெச்சாரு.

24-3
போய்விட்டது. அந்தப் பொடிதான் காரணம் என்று மக்பூலிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குப் பேர் வைப்பதாக இருந்தார்கள்.

27-3
நாகபூஷணமே வீடு தேடி வந்தார். காலையில் மக்பூல் ஆபீசுக்குப் போனாராம். ஒன்று இல்லை, மூன்று பிள்ளைகளை எழுதச் சொன்னாராம். பழசை எழுத விதி இல்லை என்றதற்கு நகராமல் நின்றாராம்.

"பேர் வைக்காத பிள்ளைன்னு எழுதப் போனேன், அம்மா. மூணுக்கும் பேர் சொன்னார்."

இன்ஸ்பெக்டர் மூன்றையும் எழுதிவிட்டார். எனக்கு அழுகை நிற்கவில்லை.

6-4
தெருவில் மற்ற தகப்பன்மாரும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். சிலர் என் முகம் பார்ப்பதில்லை.

30-4
ஜில்லாவிலேயே மோசமான தெரு இப்போது எங்களுடையது. என் மாற்றல் ரத்து, கூட இன்னொரு மருத்துவச்சியும் வருகிறாள். இன்று அப்துல் சமத் வீட்டில் பெண்குழந்தை. அவர் தம்பி பட்டைப் பொடியோடு வந்தாராம். வாசலிலேயே உட்கார்ந்திருந்த மக்பூல் அதை வாங்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டார்.