இரண்டு நாடு போன படகு

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அனுராதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை கோகிலவாணி மூவரும் சுகம். நீயும் சுகம் என்று தெரிந்த பிறகுதான் இதை முழு மனதோடு சொல்ல முடியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் கோகிலவாணி. பத்தாம் வகுப்புப் பாடத்தை மூடிவிட்டு வந்தவள், பிழை திருத்துகிறேன் என்று என் பேச்சையே திருத்துகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் படங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் காற்றில் மரம் விழுந்து டவர் போய்விட்டது, இன்றோடு ஐந்து நாள். ஆஸ்பத்திரியில் லீவு, தனியாகத்தான் போகிறேன், ஆற்றில் நாள் முழுக்கப் படகு, நடுவில் கரையில் இறங்கிச் சுற்றிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம், இன்றைக்கு இரண்டு நாடு பார்க்கிறேன் என்று நீ சொன்னதற்கு நான் துளியும் பயப்படவில்லை. விறகுக்குப் போனால் நானே பக்கத்து அரியூர் நாட்டை மிதித்துவிட்டுத்தானே வருகிறேன். பால்காரர் சின்னக்கண்ணுவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஏனுங்க அக்கா, ரெண்டே நாடா, நான் டீ குடிக்கறதுக்குள்ள மூணு நாட்டுக்குப் பால் ஊத்திட்டு வாரேன், அதுக்குப் படகு எதுக்குங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கோகிலவாணிதான் அட்லஸை விரித்து, அம்மா, அது நாலு ஊர் சேர்ந்தால் நாடு என்கிற நம் மலை நாடு இல்லை, ஜெர்மனி ஒரு தேசம், ஆஸ்திரியா இன்னொரு தேசம், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்றாள். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

பாஸ்போர்ட்டை அந்த நீலப் பையில்தானே வைப்பாய், சேந்தமங்கலத்தில் வாங்கி நான் நூல் குஞ்சம் கட்டிக் கொடுத்த பை. முதல் கரையில் நீயே எடுத்த படத்தில் அது உன் தோளில் இருக்கிறது. இரண்டாவது கரையில் நீ ரொட்டி தின்கிற படத்தில் வெறும் தோள். அதற்குப் பிறகு படமே இல்லை. பையைப் படகில் விட்டுவிட்டு இறங்கினாயா, படகு உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதா, காகிதம் இல்லாமல் பிடித்தால் வேலை என்ன ஆகும், திருப்பி அனுப்பிவிடுவார்களா. மிளகு பறிக்கும்போதும் இதே நினைப்பு, பழுக்காததையும் சேர்த்துப் பறித்துவிட்டேன். "நூறு பேருக்கு மருந்து மாத்தாமக் குடுக்கற நர்சு, பையத் தொலைப்பாளா, போடி" என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு டவர் கிடைக்கிறதா என்று தினமும் ரோடு வரை நடக்கிறவரும் அவர்தான். நாளை பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கும்போது உனக்குப் போன் செய்வார். போனில் நீ ஒண்ணுமில்லப்பா என்று முடித்துவிடுவாய், அதனால் கடிதமும் வரட்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு கோகிலவாணி அந்த ரொட்டிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். உன் காலடியில், படம் எடுத்தவரின் நிழல் நெட்டையாக விழுந்திருக்கிறது. அந்த நிழலின் தோளில் ஒரு பை தொங்குகிறது. என் குஞ்சமும் தெரிகிறது. போன உயிர் வந்தது, வந்த வேகத்தில் மறுபடி போய்விட்டது. தனியாகத்தானே போனாய், கண்ணு?

ஸ்வெட்டர் போடாமல் ஆற்றுக் காற்றில் நிற்காதே. படகின் விளிம்பில் உட்காராதே. மாசி பெரியண்ணசாமி உன்னைக் காக்கட்டும். பையைத் தூக்கியவர் யார், எந்த நாடு என்று மறக்காமல் எழுது. தேசம் என்று திருத்தட்டுமா என்று கோகிலவாணி கேட்கிறாள். வேண்டாம், நாடு என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும் அம்மா,
அம்சவேணி