கிணற்றடித் துண்டைக் கேட்ட மகனுக்கு

உ
சிவமயம்

ஏழாலை,
17.6.1979

அன்புள்ள மகன் சீவரத்தினத்துக்கு,

அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி ஞானாம்பிகையும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், மாடு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது அனுப்பிய படத்திலேயே தெரிகிறது, கன்னம் சிவந்து, முழங்கால்வரை சேறு பூசி, ஒரு தள்ளுவண்டி நிறையச் சாணத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். நல்லாயிரு. சுகம் விசாரித்து முடிந்தது, இனி ஏசப் போகிறேன், கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து இருந்து வாசி.

லண்டனில் கணக்கு வேலையை விட்டுவிட்டாய், வேல்ஸ் என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்காரியின் சின்ன மரக்கறித் தோட்டத்தில் விதைப்புத் தொடக்கம் பனி விழும்வரை வேலை பழகச் சேர்ந்திருக்கிறாய், சம்பளம் இல்லை, சாப்பாடும் படுக்கையும்தான் என்று சித்திரையில் எழுதினாயே, அப்போதே ஏசியிருப்பேன். ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டேன், வளர்ந்த பிள்ளை, குளிருக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருக்கும், திரும்பி வரும் என்று இருந்தேன். முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை அடுத்த கடிதம் வந்தது. என் மூக்குக்கண்ணாடியின் கால் முறிந்து நூல் சுற்றி வைத்திருக்கிறேன், உன் எழுத்தும் கோழி கிளறின மாதிரி, ஆகையால் எப்போதும்போல ஞானத்தைத்தான் வாசிக்கச் சொன்னேன். முதல் இரண்டு பக்கமும் எருவைப் பற்றி. அதை எப்படிக் குவிப்பது, எப்படிப் புரட்டுவது, புரட்டும்போது என்ன மணம் என்று எழுதியிருந்தாய், அவள் சிரித்துச் சிரித்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில், அடுத்த வருஷம் ஊருக்கு வாறன், கிணத்தடிக் காணித் துண்டை ஞானத்துக்குச் சீதனமாய் எழுதவேண்டாம், அதை எனக்கு வையுங்கோ, நான் அதிலை பூச்சிமருந்தில்லாத தோட்டம் செய்யப் போறன் என்று இருந்தது. அதையும் அவள் அதே குரலில் வாசித்தாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கடைசியில் நீ போட்ட முத்தங்களையும் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் தந்து, தண்ணி இறைக்கிற மிசின் ஓடுது அம்மா, தண்ணி மாறவேணும் என்று போய்விட்டாள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பாத்தி நிரம்பி வரம்புக்கு மேலால் தண்ணீர் வழிகிறது, இவள் மண்வெட்டியைப் பிடித்தபடி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பாமல் நிற்கிறாள். உனக்கு வெட்கமாக இல்லையா? அவளுடைய வாயாலேயே அவளுடைய காணியைப் பறிக்கிற எழுத்தை வாசிக்க வைத்தாயே.

எருவின் மணம் உனக்கு எப்போது தெரிந்தது? இங்கே இருந்த காலத்தில் எருவுக்காகத் தோட்டத்தில் மாட்டுப்பட்டி அடைத்தால் மூக்கில் சால்வையைச் சுற்றிக்கொண்டு சுற்றுப்பாதையால் ரியூசனுக்குப் போனவன் நீ. அப்பா உயிரோடு இருக்கும்போது குழை தாழ்க்க ஒரு நாள் கூப்பிட்டதற்கு, பூவரசம் இலையை மண்ணுக்குள் புதைக்கிறதுக்கோ நான் படிச்சனான் என்று கேட்டாய். அவர் குழைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு தனியே போனார். இப்போது ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குச் சோற்றுக்கும் படுக்கைக்கும் அதே இலையைப் புதைக்கிறாய், அதற்கு அவளுக்கு நன்றி வேறு சொல்கிறாய். செய், நான் வேண்டாம் என்கவில்லை. மண்ணில் கை வைக்கிறது எங்களுக்குக் குறைச்சலான வேலை இல்லை. அதை நீ அங்கே கண்டுபிடித்த மாதிரி எங்களுக்குப் பாடம் எழுதி அனுப்புகிறாயே, அதுதான் பொறுக்கவில்லை.

பாடம் என்றதும் இன்னொன்று. சித்திரைக் கடிதத்தில் தங்கச்சிக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருந்தாய், மண்ணை வெறுமையாக விடாதே, வைக்கோலால் மூடு, ஈரம் காயாது, அங்கே நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்று. அவளும் அண்ணை சொன்னதென்று கத்தரிப் பாத்திகளை வைக்கோலால் போர்த்தினாள். உன் வேல்ஸில் மழையும் குளிரும், இங்கே வைகாசி வெயிலில் செம்பாட்டு மண், வைக்கோலைக் கண்ட கறையான் விடுமா? வைக்கோலைத் தின்று கன்றின் அடித்தண்டையும் தின்றது. காலையில் கன்றைத் தொட்டால் கையோடு வருகிறது. நான் வைக்கோலை அள்ளி எரிப்பம் என்று கத்த, இவள், அண்ணைக்கு எழுதிப் போடாதேங்கோ அம்மா, கவலைப்படுவார் என்றாள். உனக்கு என்ன எழுதினாள்? நல்லாயிருக்கு அண்ணை என்று எழுதினாள். அப்படி உன்னை மதித்த பிள்ளையிடம்தான் நீ காணியைக் கேட்கிறாய்.

மருந்து நஞ்சு என்று எழுதியிருக்கிறாய். அது பொய்யில்லை. போன மாசியில் மிளகாய்க்கு மருந்து அடித்துவிட்டு வந்து பின்னேரம் முழுக்க வாந்தி எடுத்தாள், தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அது நஞ்சு என்று நீ கடல் கடந்து எழுதித்தானா எனக்குத் தெரியவேண்டும்? அவளுக்கும் தெரியும். அதனால்தான் கிணற்றடித் துண்டில் மட்டும் மருந்தும் போடாமல் உரமும் போடாமல், வேலியெல்லாம் குழை வெட்டித் தாழ்த்து, பட்டி அடைத்து வைத்திருக்கிறாள். மற்றத் தோட்டத் தறைகளுக்கும் அப்படிச் செய்யக் குழையும் காணாது, தூக்க ஆளும் காணாது. வெளிநாட்டு மிளகாய் வந்து கொழும்பில் குவியத் தொடங்க எத்தனை பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள், இவள் போடவில்லை. அப்பா செத்தபிறகு அந்த மண்ணைப் பிட்டு மா மாதிரி உதிரப் பண்ணி வைத்திருப்பது உன் தங்கச்சி. நீ கேட்பது வெறும் காணி இல்லை, அவளுடைய உழைப்பு.

நீ எழுதின ஒரு வரியால் இங்கே நடந்ததையும் கேள். உன் மாமா ஆழ்வாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டவுடன், ஆம்பிளைப் பிள்ளை வாறன் எண்டு எழுதியிருக்கிறான், காணி உறுதியை எழுதாமல் கொஞ்சம் பொறன் பிள்ளை என்றார். சொன்னதோடு நிற்காமல் சுன்னாகம் சந்தையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு கதைத்துமிருக்கிறார். அது பண்டத்தரிப்பில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. ஞானத்துக்குப் பேசின மாப்பிள்ளை கனகலிங்கம் நல்ல பொடியன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், ஞானம் தோட்டத்தை விடாமல் இருக்கவேணும் என்பதுதான் அவன் வாய் திறந்து சொன்ன ஒரே விருப்பம். ஆனால் அவனுடைய தாய், காணி நிச்சயமில்லையெண்டால் ஆவணிக் கலியாணத்தையும் யோசிப்பம் என்று ஆள் விட்டிருக்கிறா. நான் என் அண்ணை, உன் மாமாவிடம் நேரே போனேன். இது எங்கடை அம்மா எனக்குத் தந்த சீதனம், தாயின்ரை சீதனம் மகளுக்குத்தான், இதிலை உங்களுக்கும் பங்கில்லை, உவனுக்கும் பங்கில்லை என்று முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். தேத்தண்ணீர் தந்தார்கள், குடிக்கவில்லை.

உனக்கு அப்பாவின் வழியாக வந்த முதுசக் காணி இருக்கிறது. கிணறு இல்லை, பனையும் நாயுருவியும்தான் என்று முகத்தைச் சுழிக்காதே. செத்த மண்ணுக்கும் எருவும் இலையும் போட்டால் உயிர் வரும் என்று நீதானே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் செத்த மண்ணைக் கேட்காமல் தங்கச்சி உயிர் கொடுத்து வைத்திருக்கிற மண்ணை ஏன் கேட்கிறாய்?

போன வியாழக்கிழமை ஞானத்தையும் இழுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குப் போனேன். அண்ணையைக் கேட்டிட்டுச் செய்வம் அம்மா என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசின் வாசலில் நின்று அழுதாள், றோட்டில் எல்லோரும் பார்க்க அவளையும் ஏசினேன். உறுதி முடிந்துவிட்டது. கிணற்றடித் துண்டு இனி அவளுடையது, என்னுடையதும் இல்லை, ஆகையால் என்னிடம் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. பண்டத்தரிப்புக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ ஊருக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வா. உன்னைப் பார்த்து எத்தனை வருஷம், கோபத்தில் எழுதினாலும் கண் கலங்காமல் இல்லை. ஆனால் அந்த வெள்ளைக்காரி உன்னை முதலில் மாட்டேன் என்றாள், திரும்பத் திரும்பப் பணிவாக எழுதிக் கேட்ட பிறகுதான் வேலை பழகச் சேர்த்தாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அவளிடம் தோட்டத்தை எழுதித் தா என்று கேட்டாயா? அவளுக்கு எழுதின மாதிரி ஞானத்துக்கும் ஒரு கடிதம் எழுது. ஒரு போகம் உன்னோடு நின்று வேலை பழக விடுவாயா என்று கேள். குழை சும, பட்டி கட்டு, தண்ணீர் மாறு, அவள் சொல்வதைக் கேள். பிறகு முதுசக் காணியில் இறங்கு. இப்படி எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எழுதட்டும் அம்மா, பாத்துத்தான் சொல்லுவன் என்றாள். ஓம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொள்.

குளிருக்குக் காதை மூடிக் கட்டு, வெறும் வயிற்றில் வேலைக்கு இறங்காதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளையும் அதோடு கொஞ்சம் புத்தியையும் தரட்டும். ஆவணிக்கு முன்னம் அந்தக் கடிதம் இங்கே வந்துவிடவேண்டும், மறக்காதே. உறையில் என் பெயரைப் போடவேண்டாம். செல்வி ஞானாம்பிகை, தோட்டச் சொந்தக்காரி, ஏழாலை என்று எழுது, தபால்காரனுக்கு ஆளைத் தெரியும்.

உன்னைப் பெற்ற அம்மா,
பராசக்தி