படத்தில் தெரியாத லாக் பின்

5-2-2006, ஞாயிறு

பெரிய பேத்தி கல்லூரியில் முதல் வகுப்பு. சின்னவளுக்கு ஓட்டத்தில் கோப்பை. பேரன் குமார் இங்கே துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் கம்பெனி மெக்கானிக். இத்தனை இருந்தும் என் வயிறு எரிகிறது.

பாதையில் ஏறும் மணலைத் தள்ள, நாலு சக்கர பைக்கின் முன்னால் குமார்தான் தகட்டை மாட்டினான். தகட்டை வண்டியோடு பிடித்து வைக்கும் லாக் பின்னை, துளைக்கு ஏற்றதாகத் தேடிப் போட்டு, அதிர்ந்தாலும் கழலாதபடி கிளிப்பும் மாட்டினான். அதை ஓட்டுகிற ரவி, என் ஓரகத்தியின் பேரன், ஏறி உட்கார்ந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டான்.

இன்று போனில் அவள், "எங்க ரவி பாலைவனத்தையே தள்ளுறான்க்கா!" என்றாள்.

"பின்னு மாட்டுனது யாருடி?"

"அதெல்லாம் படத்துல எங்கக்கா தெரியுது?"

பின்னைக் கையில் பிடித்து ஒரு படம் எடு என்று குமாரிடம் சொன்னேன். "கழட்டினா தகடு விழுந்துடும் அப்பத்தா" என்று சிரிக்கிறான்.

விழட்டும். ரவியும் நின்று பார்க்கட்டும். புதுப் படம் நாளைக்கே அவளுக்குத் தபாலில் போக வேண்டும்.